பொருளும் கையும்: செய்முறைக் கல்வியின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

நான் ஏழாம் வகுப்பு படித்தது தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில். 2003, ஜூலை மாதம். சாரல் காலம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று சன்னல் கதவுகளை அடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் மேற்குப் பக்கத்துக் கதவுகளைச் சாத்திவிட்டு அரை வெளிச்சத்தில் பாடம் நடக்கும். அன்று அறிவியல் ஆசிரியர் புத்தகத்தைத் திறக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு பையில் மஞ்சள்தூள், எலுமிச்சம்பழம், புளி, சோப்புத் துண்டு, கொஞ்சம் சுண்ணாம்பு, நாலைந்து டம்ளர் எல்லாம் தன் கைக்காசில் கொண்டுவந்திருந்தார். நோட்டுத் தாளைக் கிழித்து, மஞ்சளைக் குழைத்துத் தடவி, காயவைத்தோம். சோப்புத் தண்ணீர் பட்ட இடம் செங்கல் நிறமாகச் சிவந்தது. அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டதும் மறுபடி மஞ்சளானது. அதுவரை எங்களுக்கு அறிவியல் என்பது ஒப்பிக்கிற விஷயம். அன்றைக்குத்தான் ஒரு பொருள் எங்கள் கைக்குள்ளேயே நிறம் மாறியது.

ஆசிரியர் கேட்டார்: "இந்த மாதிரி நிறம் மாறுறத வீட்ல யாராவது பாத்திருக்கீங்களால?" யாரும் பேசவில்லை. நான் எழுந்து, பக்கத்தில் இருந்த பையனைக் காட்டி, "சார், இவன்ட்ட கேளுங்க சார். இவங்க அம்மதான் ஊருக்கே வெளுக்கா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் எழுந்து நின்று, "எனக்குத் தெரியாது சார்" என்றான். ஆசிரியர் எங்களை அதட்டிவிட்டு அடுத்த சோதனைக்குப் போனார். மணி அடித்ததும் டம்ளர்களைக் கழுவ வேண்டியிருந்தது. யாரும் யாரையும் சொல்லவில்லை. அவனே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனான். எங்களில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

கல்யாண வீட்டு வேட்டியில் பட்ட குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதையும், அலசி வெயிலில் போட்டால் மெல்ல மெல்ல வெளுத்துப் போவதையும் அவன் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்த்திருப்பான். அந்த அறையில் மஞ்சளின் குணத்தை ஆசிரியரைவிடவும் நெருக்கமாக அறிந்திருந்தவன் அவன்தான். அவனுக்குத் தெரியும் என்பதும், தெரியாது என்று சொன்னான் என்பதும், அப்படிச் சொல்லவைத்தவன் நான் என்பதும் எனக்கு விளங்கப் பல வருஷங்கள் ஆயின.

செய்முறை வழியாக அறிவியல் கற்பிப்பதன் வரலாற்றை நாம் வழக்கமாக ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொள்கிறோம். மனப்பாடம் தோற்கிறது, கை ஜெயிக்கிறது, குழந்தை விடுதலை அடைகிறது. இந்தக் கதையாடலில் வருகிற 'கை' யாருடையது என்ற கேள்வி மட்டும் எழுப்பப்படுவதில்லை. இந்தக் குறிப்புகள் அந்தக் கேள்வியை முன்வைக்கின்றன.

2

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் கம்பெனி நடத்திய ஆண் அநாதைகள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் பெரும்பாலும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பையன்கள் அங்கே இருந்தார்கள். நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்ட பெல், அதைத் தன் விடுதியில் புகுத்தினார். ஊர் திரும்பி 1797இல் வெளியிட்ட நூலுக்கு அவர் வைத்த தலைப்பின் பொருள் 'கல்வியில் ஒரு சோதனை' என்பது. சட்டாம்பிள்ளை முறை இங்கிலாந்து போய் 'மதராஸ் முறை' ஆகி, தொழிற்புரட்சிக் காலத்து ஏழைப் பிள்ளைகளை மலிவாகப் படிக்கவைக்கும் இயந்திரமாயிற்று. மிஷெல் ஃபூக்கோ 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் பரிசீலிக்கும் பள்ளி ஒழுங்கு இந்த வகையைச் சேர்ந்ததே.

இது பலருக்குத் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. பெல் இயற்கைத் தத்துவத்தை, அதாவது இன்றைய பெளதிகத்தை, கருவிகளோடு செய்துகாட்டிச் சொற்பொழிவு ஆற்றக்கூடியவர். விடுதிப் பையன் ஒருவனை அதற்கு உதவியாளாகப் பழக்கினார். வில்லியம் ஸ்மித் என்பது அவன் பெயர். மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பிறகு பிணைக்கைதிகளாகச் சென்னையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்களை 1794இல் கேப்டன் டவ்டன் திருப்பி அழைத்துச் சென்றபோது, பதினேழு வயது ஸ்மித்தும் கருவிப் பெட்டிகளோடு கூடப் போனான். திப்புவின் முன்னிலையில் சோதனைகளைச் செய்து காட்டினான். அவன் பெல்லுக்கு எழுதிய கடிதத்திலிருந்து இது தெரியவருகிறது.

நாம் கவனிக்க வேண்டியது, ஒரே விடுதியில் கைக்கு வகுக்கப்பட்ட இரண்டு இடங்களை. நூற்றுக்கணக்கான பையன்களின் கை மணலில். ஒரே ஒரு பையனின் கை கருவியில். அதுவும் அரசனுக்குக் காட்டுவதற்காக. சோதனை என்பது கற்கிறவன் செய்து பார்ப்பதாக இங்கே வந்திறங்கவில்லை. தோற்ற அரசனுக்கு முன்னால் கம்பெனியின் அறிவை விரித்துக் காட்டும் காட்சியாகவே அது அறிமுகமானது. மணலில் எழுதிய பையன்களோ தாங்களே ஒரு சோதனையின் பொருள்கள். பெல்லின் தலைப்பு அதைத்தான் சொல்கிறது.

பின்னாளில் நம் பள்ளிகளின் ஆய்வுக்கூடங்களில் இந்தக் காட்சி மரபு தங்கிப்போயிற்று. ஆசிரியர் மேசைக்குப் பின்னால் நிற்பார். பிள்ளைகள் தள்ளி நின்று பார்ப்பார்கள். கண்ணாடி அலமாரிக்குப் பூட்டு இருக்கும். எங்கள் பள்ளியிலும் இருந்தது. உள்ளே இருந்த முகவைகளின் மேல் படிந்த தூசியைத்தான் நாங்கள் உற்றுநோக்கினோம்.

3

இதே காலத்தில் குற்றாலத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே கம்பெனிக்காரர்கள் கிராம்பு, ஜாதிக்காய் போன்ற வாசனைப் பயிர்களை வைத்துத் தோட்டம் போட்டார்கள். டச்சுக்காரர்களின் கையில் இருந்த வாசனைப் பொருள் வியாபாரத்தை உடைக்கும் முயற்சியின் ஒரு மூலை அது. 1830களின் நடுவில் ராபர்ட் வைட் என்ற கம்பெனி மருத்துவர் பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலத்துக்கு வந்து மலைத் தாவரங்களைச் சேகரித்தார். அவர் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட படத் தொகுதிகளில் 2,000க்கு மேற்பட்ட தாவரப் படங்கள் உள்ளன. இன்றும் தென்னிந்தியத் தாவரவியலுக்கு அவை ஆதாரம்.

படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். வைட் அவர்களுடைய பெயர்களைப் பதிவு செய்தார். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் மலையேறிப் பறித்து வந்த கைகளுக்குப் பெயர் இல்லை. எந்த இலை கசக்கும், எந்தப் பட்டை நீரில் நுரைக்கும், எந்தப் பிசின் எரியும் என்று வெள்ளைக்காரருக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் அவர்கள். அந்த அறிவு தாளில் ஏறும்போது லத்தீன் பெயரோடு ஏறுகிறது. ஏறாத மிச்சம் 'வழக்கம்' என்று கீழே தங்கிவிடுகிறது.

மலையை விட்டுக் கீழே இறங்கினாலும் இதுதான் கதை. பொருளின் குணங்களைப் பற்றிய அறிவு நம் சமூகத்தில் இல்லாமலிருந்ததே இல்லை. உவர்மண் கரைத்த நீரில் துணியை முக்கி எடுத்து, பானையின் மேல் அடுக்கி, கீழே தீ மூட்டி, ஆவியிலே வேகவைக்கிற வெள்ளாவி ஒரு வேதியியல் முறை. காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக்கிக் கரைக்கிறது. ஆவியின் சூடு அதை விரைவுபடுத்துகிறது. பனையேறி கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது, இறங்குகிற நீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க. சுண்ணாம்பு கூடினால் ஒரு ருசி, குறைந்தால் ஒரு ருசி. எவ்வளவு என்பது விரலுக்குத் தெரியும். தோல் பதனிடுகிறவர் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு தோலை என்ன செய்யும் என்று அறிவார். மண்ணை விரலிடையில் உருட்டிப் பார்த்தே இது சூளையில் வெடிக்கும், இது நிற்கும் என்று குயவர் சொல்லிவிடுவார்.

இவை எல்லாம் பொருளின் பண்புகளைப் பற்றிய அறிவு. செய்து பார்த்து, தவறி, திருத்திச் சேர்த்தவை. ஆனால் இந்த அறிவு ஒவ்வொன்றும் ஒரு சாதிக்குள் அடைக்கப்பட்டிருந்தது. அறிந்தவனுக்கு மதிப்பைத் தருவதற்குப் பதிலாக இழிவைத் தந்தது. சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பாளிகளையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பொருளைத் தொடுகிறவனையும் பொருளைப் பற்றிப் பேசுகிறவனையும் அது பிரித்துவைத்தது. வண்ணாத்தியின் கை பட்ட துணி தூய்மையானது. அந்தக் கையோ தீட்டு. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நடந்த விவாதங்களை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

4

தமிழ் படித்தவன் என்ற முறையில் மொழிப் பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கிறேன். நன்னூல் பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுக்கிறது. குணம் வேறு, தொழில் வேறு. செய்முறைக் கல்வியின் அடிப்படைக் கோரிக்கை இவை இரண்டையும் சேர்ப்பதுதான்: ஒரு பொருளின் குணத்தை அதன்மேல் ஒரு தொழிலை நிகழ்த்தியே அறிய முடியும். சுடவைத்தால்தான் உருகுமா என்று தெரியும். கரைத்தால்தான் கரையுமா என்று தெரியும். ஆனால் தமிழில் 'தொழில்' என்ற சொல் இலக்கணத்தோடு நிற்கவில்லை. "உங்க அப்பா என்ன தொழில்?" என்ற கேள்வி எதைக் கேட்கிறது என்று கிராமத்துப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும்.

தமிழில் அறிவியல் வளர்ந்த கதையைத் திரும்பிப் பார்த்தால், அது பெரும்பாலும் சொல்லின் கதையாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் 'கெமிஸ்தம்' 1875இல் வந்தது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைக் கழகத்தைத் தொடங்கினார்கள். திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ. நா. அப்புஸ்வாமி ஏறக்குறைய எழுபது வருஷம் தமிழில் அறிவியல் எழுதினார். இவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் பிராணவாயுவா, உயிர்வளியா, ஆக்ஸிஜனா என்று ஒரு நூற்றாண்டு சண்டை போட்ட நாம், அந்த வாயுவை ஒரு குடுவையில் பிடித்துத் தணல் குச்சியை உள்ளே விட்டு அது குப்பென்று பற்றுவதை எத்தனை பிள்ளைகள் பார்த்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. சோதனைக்குழாய்க்கு ஐந்து பெயர் கண்டுபிடித்தோம். சோதனைக்குழாய் அலமாரியில் கிடந்தது.

செய்முறைக் குறிப்பேட்டின் தமிழ் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன. வாக்கியங்கள் எல்லாம் செயப்பாட்டு வினையில்: எடுத்துக்கொள்ளப்படுகிறது, சூடேற்றப்படுகிறது, அறியப்படுகிறது. எழுவாய் எங்கும் கிடையாது. யார் எடுத்தார், யார் சூடேற்றினார், யாருக்குக் கை சுட்டது? 'அறிவன' என்ற பத்தி முதலிலேயே நிரப்பப்பட்டிருக்கும். பிள்ளை அதை ரெக்கார்டு நோட்டில் நகல் எடுக்கும். எப்போதோ எங்கோ யாரோ செய்து முடித்த சோதனையின் மரணக் குறிப்பு மாதிரி இருக்கும் அந்த மொழி.

5

ராஜாஜி 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வேதியியலை எளிய தமிழில் சொல்லும் புத்தகம். நல்ல தலைப்புத்தான். ஆனால் திண்ணையில் ஏறி உட்கார யாருக்கு அனுமதி இருந்தது? இந்தக் கேள்விக்கான பதிலை 1953இல் அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்து கொடுத்தார். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒரு வேளை மட்டும் வகுப்பில் இருந்தால் போதும். மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்றது அவருடைய திட்டம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அந்த ஆண்டே திட்டம் போயிற்று.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டமாக்கிய ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்து மற்ற பாடங்களைச் சுற்றிலும் வைத்தது. நூற்பு வழியாகக் கணக்கும் புவியியலும் என்பது கருத்தளவில் நல்ல யோசனை. எல்லாச் சாதிப் பிள்ளையும் நூற்க வேண்டும் என்பதில் ஒரு சமத்துவமும் இருந்தது. 1953 திட்டத்தில் அதுவும் இல்லை. அவனவன் கை அவனவன் அப்பன் கையாகவே இருக்க வேண்டும் என்றாகிவிட்டது.

தமிழ்நாட்டின் கல்வி மனோபாவத்தை இந்த நிகழ்வை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. 'கையால் கற்றல்' என்று யாராவது சொன்னால் இங்கே ஒரு சந்தேகம் எழும். எழ வேண்டியதுதான். நாம் கேட்டது பேனா, தாள், சான்றிதழ். நம் முற்போக்குக் கல்வியாளர்கள் பழிக்கிற அந்த மனப்பாடத்துக்கும் ஒரு ஜனநாயகப் பக்கம் இருந்தது. பொதுத்தேர்வில் விடைத்தாளில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. பதிவு எண்ணுக்குச் சாதி இல்லை. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து திருத்துகிறார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பலர் இந்த முகமின்மையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறினார்கள். மாறாக, செய்முறைத் தேர்வில் பிள்ளை நேரே போய் நிற்க வேண்டும். பின்னால் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கும் செய்முறைக்கு 25 மதிப்பெண் என்று வந்தது. அந்த 25 கண்ணெதிரே நிற்கிற பிள்ளைக்குப் போடப்படுகிறது. செய்முறையை ஆதரிக்கிற நாம் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

6

அப்படியானால் செய்முறைக் கல்வி என்பதே குலக்கல்வியின் நவீன வேஷமா? இல்லை. அதற்கு வேறொரு பரம்பரையும் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து ஆய்வுக்கூடங்கள் அழிந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக 1948இல் யுனெஸ்கோ ஒரு சிறு நூலை வெளியிட்டது. ஜே. பி. ஸ்டீபன்சன் என்ற ஆங்கில ஆசிரியர் எழுதியது. தகர டப்பா, பாட்டில், கம்பி இவற்றை வைத்தே அறிவியல் கற்பிப்பது எப்படி என்று அது சொன்னது. விரிந்து வளர்ந்து 1956இல் யுனெஸ்கோவின் அறிவியல் ஆசிரியர் கைநூலாக வந்து, ஆய்வுக்கூடமே இல்லாதிருந்த நாடுகளுக்கெல்லாம் பரவியது. இடிபாட்டிலிருந்து பிறந்த மரபு இது. கருவி விலை உயர்ந்ததாக, பூட்டி வைக்கப்பட வேண்டியதாக இருக்க அவசியமில்லை என்பதை அது நிரூபித்தது.

இந்தியாவில் இதை அரசுப் பள்ளிக்குள் ஆழமாகக் கொண்டுபோனது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (இன்று நர்மதாபுரம்) அறிவியல் கல்வித் திட்டம். கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரண்ட்ஸ் கிராமிய மையம் ஆகிய அமைப்புகள் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கின. 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு தொடர்ந்து நடத்தியது. பிள்ளைகள் சிறு குழுக்களாக உட்கார்ந்து சோதனை செய்வார்கள். 'பால் வைக்ஞானிக்' என்ற அவர்களுடைய பாடநூல் கேள்விகளைக் கேட்டது; விடைகளைச் சொல்லவில்லை. 'அறிவன' பத்தியைப் பிள்ளைதான் நிரப்ப வேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 1978இல் அங்கே வந்து சேர்ந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, வாரச்சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு வடிவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தது இந்தத் திட்டத்திலிருந்து கிளைத்தது. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியபோது ஆயிரம் பள்ளிகள்வரை அது நடந்துகொண்டிருந்தது. இந்தப் பிள்ளைகள் பொதுத்தேர்வில் பின்தங்குகிறார்கள் என்பதும் முன்வைக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. மேலே நான் சொன்ன தமிழ்நாட்டுப் பெற்றோரின் அச்சமும் இந்த அச்சமும் ஒன்றுதான். முப்பது ஆண்டு உழைப்பாலும் அதைப் போக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் காற்று மக்கள் அறிவியல் இயக்கம் வழியாக வந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் தோன்றியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல். 1984இன் போபால் விஷவாயு, அறிவியல் யாருக்கு என்ற கேள்வியை எல்லோர் முன்னாலும் போட்டது. 1987இல் நாடு தழுவிய மக்கள் அறிவியல் கலைப்பயணம், அதே ஆண்டு 'துளிர்' சிறுவர் மாத இதழ், 1990களில் அறிவொளி இயக்கம், 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று அந்த வரிசை நீள்கிறது. கவிழ்த்த டம்ளரைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றுக்கு இடம் வேண்டும் என்று காட்டிய தொண்டர்கள் எத்தனையோ ஊர்களுக்குப் போனார்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றல் ஆசிரியரை நாற்காலியிலிருந்து இறக்கிப் பாயில் உட்காரவைத்தது. சாதிச் சமூகத்தில் இது சின்னக் காரியமில்லை. 2022 நவம்பரில் அரசு தொடங்கிய 'வானவில் மன்றம்' 13,000க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளிடம் சோதனைகளைக் கொண்டுபோகிறது. 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்பது அதன் முழக்கம்.

இந்தப் பரம்பரையின் உயிர்நாடி ஒன்றே. யார் செய்தாலும் மஞ்சள் தாள் சிவக்கும். செய்கிறவனின் பிறப்பு முடிவை மாற்றாது. தொழில் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. சோதனையோ யாருக்கும் போகலாம், யாரும் மறுத்துப் பார்க்கலாம். குலக்கல்விக்கும் செய்முறைக் கல்விக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

7

ஆனால் வகுப்பறை சோதனைக்குழாய் மாதிரி கழுவித் துடைத்த இடமில்லை. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அந்த மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி, தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்தார் ஒரு கடைக்காரர். பக்கத்து மாவட்டத்தின் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் உடன் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யும்படி அதில் பரிந்துரை உண்டு. 2019இலேயே பள்ளிக் கல்வித் துறை இதுபற்றிச் சுற்றறிக்கை விட்டிருந்தது. எதிர்ப்பு வந்ததும் அது செயலிழந்தது. செய்முறைக் கல்வி நம்பியிருக்கிற அந்தக் கையின் மணிக்கட்டில் சாதியின் நிறம் கட்டப்பட்டிருக்கிறது.

கோபால் குரு 2002இல் எழுதிய கட்டுரையில், இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாட்டுப் பிராமணர்கள், அனுபவச் சூத்திரர்கள் என்ற பிரிவினை இருப்பதாகச் சொன்னார். நம் அறிவியல் வகுப்பறைக்கும் இது பொருந்தும். 'குழந்தையின் சூழலிலிருந்து தொடங்கு' என்று எல்லாக் கல்வி ஆவணமும் சொல்கிறது. குழந்தையின் சூழல் என்பது இங்கே சேரியும் தெருவும் துறையும்தான். வீட்டிலிருந்து ஒரு அனுபவத்தைக் கொண்டுவா என்று கேட்டால் ஒரு பிள்ளை சமையலறையைக் கொண்டுவரும். இன்னொரு பிள்ளை தன் சாதியைக் கொண்டுவர வேண்டியிருக்கும். அது "தெரியாது சார்" என்றுதான் சொல்லும். அந்தத் 'தெரியாது'வை அறியாமை என்று எடுத்துக்கொள்கிற ஆசிரியர் எவ்வளவு நல்லவரானாலும் பாதிப் பாடத்தைத் தவறவிடுகிறார்.

காஞ்ச அய்லய்யா 2007இல் சிறுவர்களுக்காக எழுதி, துர்காபாய் வியாம் ஓவியம் தீட்டிய நூல் இதற்கு ஒரு வழியைக் காட்டியது. தோல் பதனிடுவோர், குயவர், சலவைத் தொழிலாளர், நாவிதர் ஆகியோரின் வேலைக்குள் இருக்கும் அறிவியலை அது வெளிப்படையாகப் பேசியது. முக்கியமான முயற்சி. ஆனால் அதைப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் பையில்லாமல் உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் பயில வேண்டும் என்கிறது. 2023இல் வந்த ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைக் குடும்பத் தொழில் என்ற நிபந்தனைக்காகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் ஏற்க மறுத்தது. கைக்கு மரியாதை என்ற பேச்சு எந்த நேரமும் அப்பன் தொழிலுக்குத் திரும்பிப் போ என்பதாக மாறக்கூடும்.

ஆகவே இரண்டையும் ஒருசேரச் செய்ய வேண்டும். வெள்ளாவியின் அறிவை வேதியியல் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளாவி வைக்கும் வீட்டுப் பிள்ளையை அந்தத் தொழிலிலிருந்து விடுவிக்க வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்றைச் செய்தால் இரண்டும் கெடும். அறிவுக்கு உரியவரின் பெயரைச் சொல்வது ஆசிரியரின் வேலை, புத்தகத்தின் வேலை. மஞ்சள் தாள் சிவப்பதைக் காட்டும்போது, "இதை நம்மூர்ச் சலவைத் தொழிலாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள், அவர்கள் நமக்கு முன்னால் இதைச் செய்து பார்த்தவர்கள்" என்று ஆசிரியர் தாமே சொல்லிவிட வேண்டும். வகுப்பில் இருக்கிற ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்கக் கூடாது. நான் அன்று செய்தது அதைத்தான்.

இன்னொன்று சிறியது, ஆனால் இதைச் செய்யாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. வானவில் மன்றத்துக்குப் போகிற கருத்தாளர்கள், அறிவியல் இயக்கத் தோழர்கள், ஆசிரிய நண்பர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும். நம் குறிப்பேட்டில் 'காண்பன', 'அறிவன' என்று பத்திகள் உண்டு. 'கழுவியவர்' என்று ஒரு பத்தி கிடையாது. சோதனை முடிந்ததும் தண்ணீர் எடுத்து வருவது யார், டம்ளரைக் கழுவுவது யார், தரையில் சிந்திய மஞ்சளைத் துடைப்பது யார் என்று ஒரு மாதம் எழுதி வைத்துப் பாருங்கள். ஒரே கைகள் திரும்பத் திரும்ப வந்தால், அந்த வகுப்பில் நடந்தது இன்னமும் 1953தான். முறை வைத்து எல்லோரும் கழுவட்டும். பத்தி முழுவதும் எல்லாப் பெயர்களாலும் நிரம்பும்போது நாம் மேற்கொண்டு பேசலாம்.

அன்று குழாயடியிலிருந்து அவன் திரும்பி வந்தபோது டம்ளர்களில் ஒரு பொட்டு மஞ்சள்கூட ஒட்டியிருக்கவில்லை. "நல்லா கழுவியிருக்கியேல" என்று நாங்கள் பாராட்டினோம்.